கடைசி வீட்டுக்கு வந்த விருந்தாளி

ஆடி கடைசிச் சனி, இரவு.

இன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

தஞ்சாவூரில் எங்கள் வாசிப்பு வட்டம் ஒரு மாதமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீண்ட தெருவில் ஒரு விருந்தாளி வீடு வீடாகத் தங்கிப் போகிறான். முதல் வீட்டுக்காரர்கள் அவனை லேசில் விடுவதில்லை. கடைசி வீட்டிலோ தினமும் வாசலைக் கூட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். விருந்தாளி மரணம் என்றார் பேராசிரியர். கடவுள் என்றார் திருவையாற்று வக்கீல்.

"ஆத்துத் தண்ணிங்க," என்றேன் நான். "முறை வச்சு விடுறாங்கல்ல, அதுதான். மேல உள்ளவங்க மடையை அடைக்காம இருந்தா கடைமடைக்கு எப்படிங்க வரும்?"

பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். அவனுக்காக இரண்டு வீட்டார் அடித்துக்கொள்வதுகூட அப்படியே பொருந்தியது. வக்கீல் சிரித்துவிட்டார்.

"எங்க வயலுக்குத் தண்ணி முதல்லயே வந்துடும்மா. காத்திருந்ததே இல்ல. அதான் எனக்குத் தோணல."

கடைமடையில் இருக்கும் எங்கள் திருத்துறைப்பூண்டி வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரரிடம் நாவலின் கதையைச் சொன்னேன். இன்றும் வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டுச் சேறு படாத காலோடு திரும்பியிருந்தார். விதைத்த வயல் வெடித்துக் கிடக்கிறது.

"கடைசி வீட்டுக்கு அவன் வந்தானா, இல்லியா?" என்று கேட்டார்.

"வந்தான்," என்றேன்.

அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போன மறுநாள் வந்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.