அவனுக்கு நீ அண்ணன்

தம்பி,

போன வாரம் எனக்கு மூச்சு முட்டிப்போய், பங்குச் சாமியார் வந்து அவஸ்தை பூசினார். சாகக் கிடக்கிறவனுக்குப் பூசுகிற அந்த எண்ணெயின் வாசம் இன்னும் நெற்றியை விட்டுப் போகவில்லை. நான் பிழைத்துக்கொண்டேன். எத்தனை பட்டாளத்துக்காரன் நெற்றியில் இதை நீ பூசியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே கிடக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். முதலில் ‘சாமி’ என்று எழுதினாள். அதை அடித்துவிட்டுத் ‘தம்பி’ என்று போடச் சொன்னேன்.

நீ குருப்பட்டம் வாங்கிச் சீவலப்பேரிக்கு வந்த அன்று அம்மா உன் உள்ளங்கைகளை உதட்டில் ஒற்றி முத்தி செய்தாள். அடுத்து என்னை உன் முன்னால் தள்ளிவிட்டாள். “என்ன தம்பி” என்று நான் வாயெடுக்கவும் முதுகில் ஓர் அடி.

“ஏலே, இனிமே தம்பி கிம்பின்னியோ, சோறு கிடையாது பாத்துக்கோ. சாமின்னு சொல்லு.”

“அப்பம் எனக்குத் தம்பி யாரும்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு நான் உன் முன்னால் குனிவேன். நீ என் தலையில் கை வைத்து “ஆசீர்வாதம்” என்பாய். “அண்ணே” என்பது குறைந்துகொண்டே வந்து நின்றுபோயிற்று. பட்டாளத்துக்குச் சாமியாராகப் போகிறேன் என்று சொல்ல வந்த அன்றும் நீ அம்மாவிடம்தான் சொன்னாய்.

சண்டையில் நீ போய்விட்டாய். தந்திதான் வந்தது. எப்படிப் போனாய் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் உன் பட்டாளத்தில் இருந்த திசையன்விளைக்காரன் ஒருவன் கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒரு கால் இல்லை. சின்னப் பயல். அம்மா சோறு போட்டாள். அவன் சாப்பிடாமல் பேசினான்.

“அடிபட்ட ஆளுகளைப் போட்டிருந்த கூடாரத்துமேல குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு. மத்த ஆளுகளை எல்லாம் தூக்கிட்டுப் போயிட்டாங்க. என்னைய அசைக்க முடியல. நீங்க போங்க சாமின்னு கத்துதேன். கையைப் புடிச்சிக்கிட்டு விடல. ‘சாமி இல்லலே, நான் உன் அண்ணன். விடமாட்டேன்’ன்னாவ. அடுத்த குண்டு விழுந்தப்பம் என்மேல கவுந்துட்டாவ.”

அம்மா அவன் கையை முத்தி செய்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கூடப் பிறந்தவனுக்குச் சாமி. எவனோ ஒருத்தனுக்கு அண்ணனா?

அவன் என்னைப் பார்த்தான். “அது உங்க வார்த்தையாமே அண்ணாச்சி? சின்னதுல ஆத்துச் சுழியில மாட்டினப்பம் நீங்க அப்படிச் சொல்லித்தான் இழுத்துப் போட்டியளாம். சிரிச்சிக்கிட்டே சொன்னாவ.”

அதைக் கேட்டு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அந்தச் சுழி நம் இருவருக்கும் மட்டும் உள்ளது என்று இருந்தேன். அதையும் அவனுக்குக் கொடுத்துவிட்டாய்.

புறப்படும்போது அவன் கும்பிட வந்தான். நான் கையைப் பிடித்தேன். நீ கடைசியாகப் பிடித்த கை. எதையோ அதிலிருந்து திருப்பி வாங்கிவிடுகிறவன் போல இறுக்கிக்கொண்டே நின்றிருக்கிறேன்.

“வலிக்கு அண்ணாச்சி” என்றான் பைய.

விட்டேன். பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. கையை உடனே கழுவ மனம் வரவில்லை. அந்தச் சூட்டில் பாதியாவது உன்னுடையது என்றுதான், தம்பி, இத்தனை காலமும் வைத்திருக்கிறேன்.