கடைசிக் கணக்குக்கு நாலு மார்க்

சரோஜினி நகர்,
புது தில்லி
12.8.2006

அன்புள்ள அகல்யாவுக்கு,

அம்மா ஆசிகளுடன் எழுதுவது. பூனாவில் மழை எப்படி? அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை. ஐ.என்.ஏ. மார்க்கெட் முழுக்க நடந்து அப்பளமும் முருங்கைக்காயும் வாங்கி வந்து, இரண்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்வாய். இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

ஆசிரியர்களுக்கு இன்டர்நெட் வழியாகப் பயிற்சிப் பட்டறை தயாரிக்கும் வேலையைப் பள்ளியில் எனக்கும் கம்ப்யூட்டர் டீச்சர் சுஷ்மாவுக்கும் கொடுத்திருக்கிறார்கள். மவுஸைத் தொட்டாலே பதறுகிற உன் அம்மாவுக்கு! சிரிக்காதே.

முன்னோட்டமாக நாற்பது ஆசிரியர்களைச் சேர்த்தோம். ஒரு மாணவருக்கு நீங்கள் இழைத்த தவறு என்ன என்பது என் முதல் கேள்வி. நாலு நாளில் வந்தது இரண்டே பதில். இரண்டும் பொறுமையின் பெருமை பற்றிய கட்டுரைகள். "தீதி, பெஹலே ஆப் லிக்கியே" என்றாள் சுஷ்மா. கேட்டவள்தான் முதலில் எழுத வேண்டுமாம்.

எழுதினேன். ஏழாவதில் நீ என் வகுப்பில் இருந்தாய். கணக்கில் நூற்றுக்கு நூறு வரும்படி எழுதியிருந்தாய். மகளுக்கு அள்ளிப் போட்டாள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்களே என்று பயந்து, சரியாக இருந்த கடைசிக் கணக்கில் நாலு மார்க் குறைத்தேன். பரிசு வேறு பெண்ணுக்குப் போனது. "டீச்சர், இதுல என்ன தப்பு?" என்று வந்து கேட்டாய். பள்ளியில் அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஸ்டெப்ஸ் போதவில்லை என்றேன். அது பொய். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒரு கணக்குகூடச் சந்தேகம் கேட்டதில்லை.

உன் பெயரைப் போடவில்லை. மறுநாளே இருபத்தேழு பேர் தங்கள் தவறுகளை எழுதிவிட்டார்கள். அதில் ஒன்பது பேர் எழுதியது சொந்தப் பிள்ளைகளைப் பற்றி. அடுத்த மாதம் பட்டறை மற்றப் பள்ளிகளுக்கும் போகிறது. நான் எழுதியதையே முதல் பாடமாக வைக்கலாம் என்கிறாள் சுஷ்மா. நாற்பது பேரிடம் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.

அந்த விடைத்தாளை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். இதனுடன் இருக்கிறது. மார்க்கைத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. தொண்ணூற்றாறை அடித்து நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நன்றாக இரு கண்ணே. பதிலை இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுது, பரவாயில்லை. மேலே அம்மா என்று மட்டும் தமிழில் எழுது.

உன் அம்மா,
லீலாவதி