மடத்து சைக்கிளில் ஒரு கீறல்

06.08.1979, திங்கள்

மழை வருவதுபோல் காட்டிவிட்டுப் போய்விட்டது. ரெஜி இரண்டு இட்லி தின்றுவிட்டு மூன்றாவதை நாய்க்குப் போட்டாள்.

ஆபீஸில் கூட்டம். அக்டோபர் முதல் தேதியிலிருந்து குரும்பகரமும் சுற்றியுள்ள தெருக்களும் ஒரே நர்ஸின் பொறுப்பாம். பெரிய டாக்டர் சொன்னார்: "பஸ்ஸ நம்பி இந்த வேலை ஆகாதும்மா. சொந்தமா சைக்கிள் வச்சிருக்கிறவங்க பேர் குடுங்க. இல்லாதவங்கள்ல ஒருத்தர யானத்து ஆஸ்பத்திரிக்குப் போடணும்."

இந்த ஊரும் பாண்டிச்சேரி அரசு, யானமும் பாண்டிச்சேரி அரசு. நடுவில் பாதி ஆந்திரா கிடக்கிறது. என் வீட்டுக்காரர் செல்வநாதனுக்கு மின்துறையில் எழுத்தர் வேலை, கூட வர முடியாது. அங்கே இரவு டியூட்டிக்கு நான் போனால் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது? ரெஜியை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கையைத் தூக்கிவிட்டேன். "என்கிட்ட சைக்கிள் இருக்குங்க டாக்டர்."

பொய் இல்லை. இருக்கிறது. பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது.

07.08.1979

"ஜெயமேரி அம்மாள் வாகனம் ஏறப்போகிறார்" என்று செல்வநாதன் காலையிலிருந்து ஒரே கிண்டல். சிரிக்கட்டும்.

இது பிரெஞ்சுக்காரக் கன்னியர்கள் ஓட்டிய வண்டி. அவர்கள் மடத்தைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறியபோது மாமனார் வாங்கிப் போட்டாராம். வாங்கிய பிறகுதான் நடுவில் பார் இல்லை, பொம்பளை வண்டி என்று உறைத்திருக்கிறது. வீட்டில் எல்லாம் ஆண்பிள்ளைகள். ஒருவனும் தொடவில்லை. ஊர் சிரிக்குமே என்று இத்தனை வருஷம் நல்ல இரும்பைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆண்களின் மானத்துக்கு அளவே கிடையாது.

இறக்கித் துடைத்தேன். எஃகுக் குழாய் ஒவ்வொன்றும் மெலிது, தட்டினால் மணிபோல் சத்தம் வருகிறது. டயர், ட்யூப், பிரேக் கட்டை புதிதாகப் போட்டால் போதும்.

12.08.1979, ஞாயிறு

பூசை முடிந்து ஓட்டினேன். திருச்சியில் நர்சிங் படிக்கும்போது ஹாஸ்டல் சைக்கிளில் பழகியது, கால் மறக்கவில்லை. கடற்கரைச் சாலை வரை போய் வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா அக்கா, பகலில் ரெஜியைப் பார்த்துக்கொள்பவர், வாசலில் நின்று, "கொசுவத்த இறுக்கிச் சொருகிக்க, சக்கரத்துல மாட்டிடப் போவுது" என்றார். நல்ல யோசனை.

20.08.1979, திங்கள்

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் நன்றாகத்தான் ஓட்டினேன். குரும்பகரம் வாய்க்கால் மதகு அருகே ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. ஒடித்தேன். மதகுக் கல்லில் போய் மோதியது.

முழங்கை சிராய்த்தது, அது ஆறிவிடும். சைக்கிளின் கீழ்க்குழாயில் கட்டைவிரல் பதிகிற அளவு ஒரு நசுங்கல். அதுவும் பரவாயில்லை. ஆனால் அந்தக் குழாய் பெடல் அச்சு ஓடும் உருண்டைக் கூட்டில் வந்து சேர்கிற இடத்தில் ஒரு கீறல். தலைமயிர் அளவுதான். ஹேண்டிலை அழுத்தினால் மெல்ல வாய் திறக்கிறது.

21.08.1979

பஸ் ஸ்டாண்டு பக்கம் காத்தமுத்து கடை. நாகப்பட்டினத்துக்காரர், தொழிலில் சுத்தம் என்று பெயர். கீறலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"சின்னதுதாம்மா. பித்தளை வச்சுப் பத்த வச்சா எங்க இருந்துச்சுன்னே தெரியாது. ஆனா அந்த எடத்துல நெருப்பு காட்டணும். அதுக்கு முன்னாடி அச்சு, அத ரெண்டு பக்கமும் தாங்குற திருகு கப்பு, எல்லாத்தையும் வெளிய எடுக்கணும்."

"எப்ப கெடைக்கும்?"

"வேளாங்கண்ணிக் கொடியேத்தம் வருதுல்ல. சைக்கிள்ல போற சனம் எல்லாம் இங்கதான் நிக்குது. திருநா முடியட்டும்."

மாதாவுக்குப் போகிறவர்களோடு நான் போட்டி போட முடியுமா? சரி என்றேன்.

04.09.1979

இன்னும் தொடவில்லை. கடை முழுக்கக் காவி வேட்டிகள்.

11.09.1979, செவ்வாய்

இடப்பக்கத்துக் கப் சுலபமாக வந்துவிட்டது. அச்சும் வந்துவிட்டது. செயின் பக்கத்துக் கப் அசையவே இல்லை.

நான் போனபோது ஸ்பேனரில் நீளமாக ஒரு குழாயைச் செருகி, மேலே ஏறி நிற்காத குறையாகத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் வழுக்கி விரல் கணுவெல்லாம் தோல் போய்விட்டது. நானே மருந்து வைத்துக் கட்டினேன்.

"எந்தப் பக்கம் திருப்புறீங்க?" என்று கேட்டேன்.

"என்னம்மா கேள்வி. செயின் பக்கம் எப்பவும் இடது மரை. கடியாரம் சுத்துற பக்கமா திருப்பினாத்தான் கழலும். மிதிக்க மிதிக்க கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்கான். எத்தினி வண்டி பாத்திருக்கேன். இது துருவுல செத்துப்போச்சு. அறுத்துத்தான் எடுக்கணும்."

"அறுத்தா?"

"கூடு போயிடும். கூடு போச்சுன்னா அப்புறம் என்ன, பழைய இரும்புதான்."

அறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

12.09.1979

என்ன பண்றது? என்னதான் பண்றது? புது சைக்கிளுக்கு ஆபீஸில் அட்வான்ஸ் எழுதிப் போடச் சொல்கிறார் இவர். எழுதிப் போட்டால் பொங்கலுக்கு அப்புறம்தான் வரும், அதுக்குள்ள நான் யானத்துல உக்காந்து தெலுங்கு படிச்சிட்டிருப்பேன். ரெஜிக்கு ரெண்டு நாளா சளி. ராத்திரி என் மேலதான் படுத்துக்குறா, இறக்கிவிட்டா முழிச்சுக்குறா. அவர் கைல இந்தப் பிள்ள தூங்குமா? தூங்கும்தான். தூங்காமப் போயிடுமா. பழகிடும். அதுதான் என்னால தாங்க முடியல.

13.09.1979

நேற்று எழுதியதைப் படித்தேன். போதும் அழுதது. ரிக்‌ஷாவில் போட்டு சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். காத்தமுத்துவுக்குக் கோபம். இருக்கட்டும்.

16.09.1979, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பிரசவத்தில் பிள்ளையின் தோள் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். எவ்வளவு பலம் போடுகிறோமோ அவ்வளவு கெடுதல். எப்படி மாட்டியிருக்கிறது என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். காத்தமுத்து பலம் போட்டாரே தவிர உள்ளே யாராவது பார்த்தோமா?

மத்தியானம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கூட்டைக் கழுவினேன். பின்கட்டு இருட்டு. இவர் டார்ச் பிடித்தார். "தலையா காலா, நர்ஸம்மா?" என்று வேறு கேட்டார்.

கப் கழன்ற இடப்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால், எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்ட கப்புக்கு இந்தப் புறம் மூன்று நான்கு சுற்று மரை வெளியே தெரிகிறது. கொண்டை ஊசியை நிமிர்த்தி முனையைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டேன். முதலில் இடப்பக்க மரையின் பள்ளத்தில் முனையை வைத்துக் கடிகாரம் சுற்றும் பக்கமாக ஓட்டினேன். ஊசி உள்ளே உள்ளே போயிற்று. சாதாரணத் திருகாணி போகிற மாதிரி.

பிறகு எதிர்ப்பக்க மரையில் வைத்து அதேபோல ஓட்டினேன். காத்தமுத்து சொன்னதுபோல் இடது மரையாக இருந்தால் ஊசி என்னை நோக்கி வெளியே வர வேண்டும். வரவில்லை. உள்ளேயே போய் மாட்டிய கப்பில் டக்கென்று முட்டியது. மறுபடி செய்தேன். மறுபடி முட்டியது. இவரைச் செய்யச் சொன்னேன். முட்டியது.

இரண்டு பக்கமும் ஒரே மரை. அந்த மனுஷன் இத்தனை நாளும் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

இவர் டார்ச்சை அணைத்துவிட்டு சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பிறகு, "நாளைக்கு நான் லீவு போடுறேன். தூக்கிட்டுப் போவோம்" என்றார். கிண்டல் இல்லாமல் அவர் பேசி ரொம்ப நாளாயிற்று.

17.09.1979, திங்கள்

காத்தமுத்து முதலில் நம்பவில்லை. "நர்ஸம்மா, நான் உங்களுக்கு ஊசி போடச் சொல்லித் தர்றேனா?" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கும் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு கொண்டை ஊசியை நீட்டினேன். "நீங்களே ஓட்டிப் பாருங்க. நான் சொல்றது தப்புன்னா அறுத்துடுங்க."

ஓட்டினார். இன்னொரு முறை ஓட்டினார். அப்புறம் எழுந்து கப்பைச் சுற்றி எண்ணெய் விட்டுவிட்டு, ஸ்பேனரை மாட்டி, மரச்சுத்தியால் மறுபக்கமாக ஒரு தட்டுத் தட்டினார். கிரீச்சென்று ஒரு சத்தம். அடுத்த தட்டில் கால் சுற்று வந்தது. பிறகு கையாலேயே கழற்றினார்.

கப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க நாகப்பட்டினத்துல இருந்ததெல்லாம் இங்கிலீசுக்காரன் வண்டி. அவன்கிட்ட தொழில் படிச்சவன் நான். வெள்ளக்காரன்னா எல்லாம் ஒண்ணுன்னுல்ல நெனச்சேன், பிரெஞ்சுக்காரன் வேற மாதிரி வச்சிருக்கான்."

"ஒண்ணா இருந்தா உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல வாஞ்சூர்ல எதுக்கு சுங்கச்சாவடி வச்சிருந்தாங்க?" என்றார் என் வீட்டுக்காரர். காத்தமுத்துவே சிரித்துவிட்டார்.

ஒரு கெடுதல் நடந்திருக்கிறது. தப்பான பக்கம் போட்ட பலத்தில் கீறல் இன்னும் அரை விரல் ஓடியிருக்கிறது. அவரே காட்டினார், மறைக்கவில்லை. "இது என் கையால ஆனது. நானே சரி பண்ணித் தர்றேன்" என்றார்.

19.09.1979

பக்கத்தில் நின்று பார்த்தேன். கீறலின் இரண்டு முனையிலும் ஊசி போல ஒரு துளை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் இருக்க. பெயின்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். பித்தளை பிடிப்பதற்கு வெங்காரத்தைக் குழைத்துப் பூசி, கேஸ் நெருப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. மெல்லிசுக் குழாய், நிறுத்தினால் உருகிவிடுமாம். இரும்பு சிவந்ததும் பித்தளைக் கம்பியைத் தொட்டார். தண்ணீர்போல் கீறலுக்குள் ஓடி மறைந்தது. அப்புறம் அரத்தால் ராவினார். தடவிப் பார்த்தேன், விரலுக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. கெட்டிக்காரர்தான். நான் அதைச் சொன்னேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

நசுங்கலையும் பித்தளை போட்டு நிரப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதனால் வண்டி ஓடாமல் போகாது, இன்னொரு தரம் எதற்குச் சுட வேண்டும்?

23.09.1979, ஞாயிறு

சுட்ட இடம் துருப்பிடிக்கும் என்று இவர் பெயின்ட் அடித்தார். வண்டியின் நிறத்துக்குப் பச்சை கேட்டால் வெள்ளி வாங்கி வந்திருக்கிறார். கடையில் பச்சை இல்லையாம். வண்டி இப்போது வெள்ளிக் கொலுசு போட்ட மாதிரி இருக்கிறது. ரெஜிக்குப் பிடித்துவிட்டது, அதனால் நானும் விட்டுவிட்டேன்.

26.09.1979

குரும்பகரம் போய் வந்தேன். வரும்போது கேரியரில் மருந்துப் பெட்டியும் யாரோ கொடுத்த பூசணிக்காயும். ஆட்டுக்காரன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஆடுகளை ஓரம் கட்டினான்.

01.10.1979, திங்கள்

டாக்டர் வெளியே வந்து சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். "இத எங்கம்மா புடிச்சீங்க?" என்றார். குரும்பகரத்துக்கு நேரே என் பெயரை எழுதினார். யானத்துக்கு, சொந்த ஊர் காக்கிநாடா பக்கம் என்று ஒரு கம்பவுண்டர் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். போகிற வழிக்கு அவருக்கு அதிரசம் சுட்டுக் கொடுக்கலாம்போல் இருக்கிறது.

24.11.1979

மூன்று நாளாக அடைமழை. பாதை முழுக்கச் சேறு. ஒட்டு அசையவில்லை. நானும்தான்.

15.06.1981, திங்கள்

ரெஜியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இவர் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வகுப்பில் ஒரே அழுகைக் கச்சேரி. ஒரு பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இன்னொன்று அம்மாவின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டிருந்தது. ரெஜி போய் பெஞ்சில் உட்கார்ந்து சிலேட்டைத் துடைத்தாள்.

டீச்சருக்கு ஆச்சரியம். "நீ அழலையா?" என்று கேட்டார்.

"எதுக்கு? எங்கம்மா சாயங்காலம் வந்துடுவாங்க."

"அவ்வளவு நிச்சயமா?"

"தெனமும் வருவாங்க" என்றாள் ரெஜி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

வெளியே வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. இவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார். எனக்கும் நேரமாகிவிட்டது. குரும்பகரத்தில் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையிலேயே வலி கண்டிருந்தது.