பேனா பிடித்த கை

மே 9, வெள்ளி

சென்னையிலிருந்து திரும்பிய பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண்மணி "இந்த சீட்டுல மூட்டைப்பூச்சி இருக்குங்க" என்று சொன்னதிலிருந்து என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அரிப்பு. ராத்திரியில் தூக்கமே இல்லை. பூச்சியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டதாகப் பயந்து, லீவுக்கு வரவிருந்த பேத்தியை அனுப்பவேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

இன்று காரைக்காலிலிருந்து பூச்சிமருந்து அடிப்பவரை வரவழைத்தேன். மெத்தை, கட்டில் இடுக்கு எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லைங்க சார்" என்றார். சொல்லிக்கொண்டே தன் கழுத்தைச் சொறிந்தார்.

"பாத்தீங்களா!" என்றாள் ஸ்டெல்லா.

வகுப்பில் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னேன். "மாங்காய்ல உப்பும் மிளகாத்தூளும் தொட்டுக் கடிக்கிறதா நெனச்சுப் பாரு. வாய் ஊறுதுல்ல? மாங்காய் எங்க இருக்கு? இதுவும் அப்படித்தான்."

"அப்ப எனக்குப் பைத்தியங்கிறீங்க."

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "இன்னிக்கு என் மெத்தையில நீங்க படுங்க. விடியிறவரைக்கும் ஒரு தடவகூடச் சொறியலன்னா, புள்ளைய வரச்சொல்றேன்."

அவள் கீழே பாயில் படுத்தாள். விளக்கை அணைத்ததும் எனக்கு முதுகில் ஆரம்பித்தது. பிறகு காது, கணுக்கால். பூச்சி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எழுந்து மேசைக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டேன்.

"என்னங்க, அரிக்குதா?"

"இல்லையே. டைரி எழுதணும், அதான்."

இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுத இனி ஒன்றுமில்லை. பேனாவைக் கீழே வைத்தால் வலது கை முதுகுக்குப் போய்விடும். அவள் இந்தப் பக்கமே பார்த்தபடி படுத்திருக்கிறாள்.