தாமதமாய் விழும் உதை

என் தடதட அண்ணனுக்கு,

நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உங்கள் பேண்டின் புதுப் பாட்டுகளைப் போன மாதம் இன்டர்நெட்டில் போட்டார்கள். கேட்ட ரசிகன் ஒருத்தன், பெங்களூர்க்காரன், என்ன எழுதியிருந்தான் தெரியுமா? "பழைய ட்ரம்மர் போனது நல்லதாப் போச்சு. புது ஆள் பின்றான்!"

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். போனதாம். நல்லதாம். நீ ஈசிஆர் ரோட்டில் பைக்கோடு விழுந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அப்பா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்து, பாதியில் மூடிக்கொள்கிறார்.

அவனைத் திட்டவும் முடியவில்லை. நீ செத்தது அவனுக்குத் தெரியாது. அதை இன்டர்நெட்டில் எழுத வேண்டியவர் உங்கள் பாடகர், கூனிமேடு ரஃபீக் அண்ணன். "எழுத உக்கார்றேன், கை வரலம்மா" என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். நீ பேண்டை விட்டுப் போய்விட்டாய் என்று ரசிகர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் என்னைக் குடைந்தது அது இல்லை அண்ணா. புது ஆள் என்று யாருமே கிடையாது. அந்தப் பாட்டெல்லாம் நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சென்னை ஸ்டூடியோவில் நீயே அடித்தது. அவன் தலையில் தூக்கி வைத்து ஆடியதும் உன்னைத்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. கேட்டபோது எனக்கே வேற ஆள் என்றுதான் தோன்றியது.

அன்றைக்கே கூனிமேடு போய் ரஃபீக் அண்ணனை வாசலிலேயே பிடித்தேன். "யாருண்ணா அது வாசிக்கிறது? எங்க அண்ணனை என்ன பண்ணீங்க?"

"உள்ள வாம்மா, ரோட்ல நின்னு கத்தாத. உங்கண்ணன்தான். சவுண்டு இன்ஜினியர் கம்ப்யூட்டர்ல வச்சு ஒவ்வொரு அடியையும் இழுத்து நேரா வச்சிட்டாரு. ஃபாரின் பேண்டு மாரி டைட்டா இருக்கணும்ல?"

"அவன் என்னிக்குண்ணா நேரா வாசிச்சான்?"

 அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

உன் கால் பெடல் ஞாபகம் இருக்கிறதா? எப்படி மறப்பாய். அம்மா வீட்டுக்குள் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ட்ரம்ஸை அப்பாவின் உப்புக் கொட்டகையில் போட்டாய். அந்தக் காற்றில் எதுதான் துருப்பிடிக்காது? பெடலின் ஸ்பிரிங் துருவேறி, நீ உதைத்தால் அது யோசித்து யோசித்துத்தான் பெரிய ட்ரம்மில் போய் விழும். "ரெண்டு சொட்டு எண்ணெய் விடேன்ணா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "போடி, எனக்கு அது பழகிடுச்சு" என்பாய். தாளத்தை ஏழு ஏழாக எண்ணுகிற உங்கள் கோணல் மெட்டல் ராக் பாட்டில் உன் உதை மட்டும் ஒரு மூச்சு பின்னால் வரும். உப்பளத்தில் உப்பு வாருகிற அக்காக்கள்கூட, "டேய், இன்னிக்கும் நொண்டுதுடா ஒன் வண்டி" என்று சிரிப்பார்கள். ஸ்டூடியோவில் புதுப் பெடல் இருந்தும் நீ அந்தத் துருப்பிடித்ததைத்தான் பையில் போட்டுக்கொண்டு போனாய்.

அந்த மூச்சைத்தான் எடுத்துவிட்டார்கள். உன்னை இரண்டாம் தரம் புதைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"திருத்தாதது இருக்குதாண்ணா?" என்று கேட்டேன். இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். முதல் உதை தாமதமாக விழுந்ததும் ரஃபீக் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன். அங்கேயே உட்கார்ந்து நீ இல்லை என்ற செய்தியை இருவருமாக எழுதினோம். திருத்தாத பாட்டையும் அதோடு போட்டோம்.

அப்புறம் பார்க்கணுமே! முதலில் எல்லோரும் அழுதார்கள். எங்கெங்கிருந்தோ ஆறுதல். பிறகு மெல்ல சண்டை ஆரம்பித்தது. இந்தத் திருத்தாததுதான் நம்ம ஆள் என்று பாதிப் பேர். ட்ரம்ஸ் தகர டப்பா மாதிரி கேட்கிறது, கம்ப்யூட்டர் சரிசெய்ததே தேவலை என்று பாதிப் பேர். செத்தவனைப் பற்றி இப்படியா பேசுவார்கள் என்று முதலில் எனக்குத் திக்கென்றது.

அந்தப் பெங்களூர்க்காரன் ஒரு வாரம் கழித்து, நேற்றுத்தான் எழுதியிருந்தான். எங்களுக்கு இல்லை, நேராக உனக்கு. "மன்னிச்சிடு பிரதர், தெரியாம எழுதிட்டேன். ரெண்டையும் கேட்டேன். உன் கிக் லேட்டுதான், லேட்டேதான்."

பிரவுசிங் சென்டரில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன் அண்ணா. நீ போன பிறகு உன்னை யாருமே திட்டவில்லை. நல்ல பையன், தங்கமான பையன் என்று சொல்லிச் சொல்லி உன்னை வேறு யாரோவாக ஆக்கிவிட்டார்கள். இவன் ஒருத்தன்தான் உன்னை உன்னிடமே குறை சொல்லியிருக்கிறான்.

சிடி வரப்போகிறது. அதில் நீ நொண்டித்தான் வருவாய், உன் பேரோடு. ரஃபீக் அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார், ஒத்துக்கொள்ளாமல் விட்டிருப்பேனா? பெடல் கொட்டகையில் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட யாரையும் விட விடமாட்டேன்.

எண்ணெய் விடச் சொல்லி உன் உயிரை வாங்கிய,
உன் தங்கச்சி