மூன்றாவது கப்பல்

பள்ளிக்கூடத்து அலமாரியில் கரையான் ஏறிவிட்டதென்று இன்று காலை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டேன். அடியில் நீங்கள் வரைந்த கடல் படம் கிடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து இந்தக் கரைக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. நீங்கள் இறந்த செய்தி போன மாதமே வந்துவிட்டது. அழுகை இன்றுதான் வந்தது.

இந்த ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு அப்போது நாம் இரண்டே வாத்தியார்கள். நான் சரித்திரத்தை மனப்பாடம் செய்ய வைப்பவன். நீங்களோ, சோழ ராஜா இந்த நாட்டுக் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய பாடத்தைப் பாதியில் நிறுத்தி, "அதே ஊர்லேருந்துதான் உங்க அப்பா அம்மாவும் கப்பல் ஏறுனாங்க. ஏன் வந்தாங்கன்னு வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்று பிள்ளைகளை அனுப்புவீர்கள்.

"பரீட்சையில இதெல்லாம் வராதே ஐயா" என்று நான் கேலி செய்வேன்.

"வராட்டி போகுது. ஒருத்தனும் தூங்கலையே, பாத்தீங்களா?" என்பீர்கள்.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிய வருடம், நானும் என் வகுப்பில் அதையே ஒரு நாள் செய்து பார்த்தேன். உங்களிடம் சொல்லவில்லை. அவ்வளவு கேலி செய்தவனுக்கு வெட்கம். மறுவாரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, பள்ளி இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு வந்தார். தமிழர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்க, என் வகுப்பு அஞ்சலை எழுந்தாள்.

"மொதல்ல ராஜா கப்பல்ல வந்தாங்க. அப்புறம் வேலைக்கு ஆள் வேணும்னு தொரைங்க கப்பல்ல கூட்டியாந்தாங்க. இப்ப வேலை இல்லன்னு மூணாவது கப்பல்ல திருப்பி அனுப்புறாங்க. அடுத்த வாரம் நாங்களும் போறோம் சார்."

துரைக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். "யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. என் மனைவி அப்போது நிறைமாதம்.

"நான்தாங்க" என்றீர்கள் நீங்கள், பக்கத்து வகுப்பிலிருந்து எழுந்து வந்து.

துரை உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட, மூன்றாம் நாள் லாபிஸ் ஸ்டேஷனில் உங்களை ரயிலேற்றினேன். துரையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல பிள்ளை பொறக்கட்டும்யா" என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள். பிள்ளை பிறந்து, வளர்ந்து, இப்போது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். இத்தனை வருடமும் நான் வாய் திறக்கவில்லை. சரியான கோழை நான்.

இன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்தப் பள்ளிக்கூடத்துச் சரித்திரம் என்று நடந்ததையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பயந்து நின்றவன் நான்தான் என்றும் சொன்னேன். ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அந்தத் தொரை இன்னும் இங்கதானே சார் இருக்காரு? இப்ப போயி சொல்லுவீங்களா?"

பள்ளி விட்டதும் நேரே பங்களாவுக்கு நடந்தேன். அன்று சொல்லிக் கொடுத்தவர் அவரல்ல, நான்தான் என்று துரையிடம் சொல்லிவிட்டேன் ஐயா. அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்து, "எந்த வாத்தியார்?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மனிதருக்கு நினைவே இல்லை.

ஆத்திரத்தோடு படியிறங்கினேன். நாளை சரித்திர வகுப்பில் உங்கள் பெயரை முழுதாகக் கரும்பலகையில் எழுதப்போகிறேன்.