மத்தாப்புப் பாப்பாவின் கை

மே 4, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்தால் ஸ்டூடியோ வாசலில் சீனிவாசகம் அண்ணாச்சி. பட்டாசுக் கம்பெனி முதலாளி.

“பழைய பாப்பாவே எம்புட்டு வருசம் ஓடும்? இந்த சீசனுக்குப் புதுப் பிள்ளை ஒண்ண படம் எடுத்துக் குடும்மா.”

பழைய பாப்பா நான்தான். ஒரு வயதில் அப்பா எடுத்த படம். கையில் கம்பி மத்தாப்போடு பெட்டி லேபிளில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிவகாசியில் பாதிப் பேருக்கு எவாஞ்சலின் என்றால் தெரியாது, மத்தாப்புப் பாப்பா என்றால் தெரியும். ஆர்டர் வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மே 9
அந்தப் படம் எடுத்த அடுத்த வருடம் அம்மா இறந்துபோய்விட்டாள். கல்யாண ஆல்பத்தில் அம்மா இருக்கிறாள். பிறந்தநாள் படங்களில் நான் இருக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட இல்லை. அதுவும் போட்டோக்காரர் வீட்டில்! ஊர்த் தாய்மார்களிடம் “பிள்ளைய ஒட்டி உக்காருங்க” என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான்.

அப்பாவிடம் மறுபடி கேட்டேன். “உங்கம்மா லைட்டுக்குப் பின்னாடியே நின்னுக்கிடுவா தாயி. கூப்பிட்டா வரமாட்டா.”

மே 10
மழை. கரண்ட் இல்லை. பழைய மத்தாப்புப் பெட்டி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூடிய கைக்குக் கீழே, சின்ன வயதிலிருந்தே பார்க்கிற ஒரு ரோஸ் திட்டு. அச்சில் கலர் விலகியிருக்கிறது. இந்த ஊரில் அதையெல்லாம் யார் பெரிதாக நினைக்கிறார்கள்?

மே 17
அண்ணாச்சி கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் பாண்டிலட்சுமி, மகளை லேபிள் படத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை கம்பியைத் தொட மாட்டேன் என்கிறது. கொடுத்தால் வீசிவிட்டு அழுகிறது. கடைசியில் பாண்டிலட்சுமி மேலேயிருந்து கையை நீட்டினாள். அவள் விரலைப் பிடித்ததும் ஒரே சிரிப்பு.

“கைய எடுங்கக்கா, லேபிளுக்கு ஆகாது” என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: “இருக்கட்டும் தாயி. ஒன்னயும் அப்படித்தான எடுத்தேன். கம்பியக் கண்டாலே அலறுவ. உங்கம்மா வெரலப் புடிச்சுக்கிட்டுத்தான் சிரிச்ச. பிரஸ்ல கைய அழிச்சுட்டு மத்தாப்ப வரைஞ்சாக.”

“இத ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?”

“வெறும் கைதான. அது ஒரு படமா?”

கேமராவைப் பின்னால் இழுத்து, தாயும் பிள்ளையுமாக முழுசாக ஒரு படம் எடுத்தேன்.

அவர்கள் போனதும் அந்தப் பழைய மூடியை எடுத்துப் பார்த்தேன். பொறி பறக்கிற இடத்தில்தான் அம்மா கை இருந்திருக்கிறது. கீழே அந்த ரோஸ் திட்டு — அச்சு விலகவில்லை. அழிக்க விட்டுப்போன விரல் நுனி. நகம்கூடத் தெரிகிறது.

அம்மா, இத்தன நாளும் இங்கனயேவா இருந்த?

ஜூன் 2
லேபிள் படத்தை அனுப்பினேன். “கைய அழிச்சிரச் சொல்லுதேன்” என்றார் அண்ணாச்சி. அழிக்கட்டும். முழுப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பாண்டிலட்சுமியிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 8
பெட்டி மூடியைச் சட்டம் போட்டு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர் உற்றுப் பார்த்துவிட்டு, “சின்ன வயசுல நீங்களா?” என்றார்.

“நானும் எங்கம்மாவும்” என்றேன்.